நள்ளிரவு வானொலியும் இரும்பிசையின் துறைகளும்

“இதுவும் ஓர் இசையா?” என்று நண்பரொருவர் என்னைக் கேட்டார். அவர் எமது முற்போக்கு அணியைச் சேர்ந்தவர். தொழிற்சங்க மேடைகளிலே தம் இளமையைச் செலவிட்டவர். என்னிடம் கல்வி பயிலும் மாணவனொருவன் கேட்டுப் பார்க்குமாறு தந்த ஒலிப்பதிவுகளை நான் கேட்டுக்கொண்டிருந்த வேளையில் அவர் வந்து சேர்ந்தார். இரண்டு நிமிடம் செவிகொடுத்தார். பின்னர், “முதலாளித்துவம் அழுகும்போது எழுகின்ற கூச்சல் இது” எனத் தீர்ப்பளித்துவிட்டுத் தேநீர் கேட்டார்.

அத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் அன்று அவருக்குத் தக்க விடை கூறவும் என்னால் இயலவில்லை. பொருளை அறியாது எதிர்ப்பதும் பொருளை அறியாது ஆதரிப்பதும் விமர்சனத்தைப் பொறுத்தவரை ஒரே குற்றந்தான். ஆகவே ஹெவி மெற்றல் எனப்படும் அவ்விசையையும், அதனை வகைவகையாகப் பிரித்து மக்களுக்கு எடுத்துக்காட்டிய வானொலி நிகழ்ச்சி ஒன்றையும் பற்றிச் சில மாதங்களாகப் படித்தும் கேட்டும் வந்தேன். நண்பருக்கு அன்று கூறத் தவறிய விடையே இக்கட்டுரை.

நான் குறிப்பிடும் நிகழ்ச்சி அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரில், அந்நகரப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கே.யூ.எஸ்.எவ். என்னும் வானொலியில் 1982 இல் தொடங்கிய ‘றம்பேஜ் றேடியோ’. யேசு சபையினர் நடத்தும் பல்கலைக்கழகம் அது. அதன் வானொலியில் நள்ளிரவு கடந்த பின், பேயையும் நரகத்தையும் பற்றிப் பாடும் இளைஞர்களின் ஒலிநாடாக்கள் ஆண்டுக்கணக்காக ஒலித்தன என்பது வேடிக்கையான செய்தி. நிகழ்ச்சியை நடத்தியவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்களுள் முதன்மையானவர் றொன் குயின்ரானா. ‘மெற்றல் மேனியா’ என்ற சிற்றேட்டையும் நடத்தியவர் அவர். தமது ஏட்டுக்குப் பெயர் தேடி அவர் எழுதி வைத்திருந்த பட்டியலிலிருந்தே டென்மார்க்கிலிருந்து வந்த லார்ஸ் உல்ரிச் என்ற இளைஞன் ‘மெற்றாலிக்கா’ என்ற பெயரைத் தன் குழுவுக்கு எடுத்துக்கொண்டான். உலகறிந்த இசைக்குழு ஒன்றின் பெயர் சிற்றேட்டாளர் ஒருவரின் தாளிலிருந்து பிறந்தது என்ற செய்தி, சிற்றேடு நடத்திக் கடன்பட்ட நம்மவர் எவருக்கும் ஓரளவு ஆறுதல் தரக்கூடியது.

பெரிய இசைத்தட்டுக் கொம்பனிகளின் துணையோ வர்த்தக வானொலிகளின் தயவோ இல்லாத காலம் அது. குழுக்கள் தாமே பதிவுசெய்த நாடாக்களைத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பினர். ஒன்றைப் பத்தாக்கிப் பரப்பினர். மெற்றாலிக்கா குழுவின் 1982 ஆம் ஆண்டு நாடா, அவர்களது முதல் இசைத்தட்டு வெளிவருவதற்கு ஓராண்டு முன்னரே இவ்வாறு பல நாடுகளுக்குச் சென்றுவிட்டது. இந்தக் கைமாற்று வலையின் ஒரு முடிச்சாகவே நள்ளிரவு வானொலி நின்றது. நாடா வாங்கப் பணமில்லாதவனும், நாடா அனுப்பத் தோழரில்லாதவனும் அந்த நேரத்தில் விழித்திருந்தால் போதும்.

இத்தகைய நிகழ்ச்சிகளில் கேட்போரைத் திகைக்க வைப்பது பெயர்களின் பெருக்கமே. திராஷ், டூம், டெத், பிளாக், கிறைண்ட்கோர் என்று தொடங்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் மேலும் நாலைந்து பிரிவுகள் காட்டுவர். புறத்தே நிற்பவனுக்கு எல்லாம் ஒரே இரைச்சல். உள்ளே நிற்பவனுக்கு ஒன்றோடொன்று ஒவ்வாத உலகங்கள். டூம் என்னும் துறையில் சுருதி தாழ்ந்து, நடை பிணவூர்வலம்போல் நத்தையாய் நகரும். சன் ஹோசே நகரின் ஸ்லீப் என்ற குழு ஒரே பாடலை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இசைத்துப் பதிவு செய்தது. அதற்கு நேர்மாறாக, பேர்மிங்ஹாமில் வளர்ந்த நேபாம் டெத் என்ற குழுவின் 1987 ஆம் ஆண்டு இசைத்தட்டில் ஒரு பாடல் முழுவதும் ஒன்றரை விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது எவ்வளவு பொருத்தமோ, அவ்வளவு பொருத்தமே ஒப்பாரியையும் ஏற்றப்பாட்டையும் ‘நாட்டார் பாடல்’ என்ற ஒரே சொல்லால் அழைத்து அமைவது.

பிரிவுகளைக் கண்டு நகைப்பவர்கள் உளர். இளைஞரின் வீண் பண்டிதத்தனம் என்பர் சிலர். கடைக்காரன் சரக்கு விற்க ஒட்டும் சீட்டு என்பர் வேறு சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் தமிழ் பயின்றவன் இந்நகைப்பிற் கலந்துகொள்ளுதல் முறையாகாது. பாட்டை அதன் நிலத்தாலும் பொழுதாலும் வகுத்துப் பார்த்த இலக்கணம் நம்முடையது. தொல்காப்பியர் முதல், கரு, உரி என்றபோது, உணர்ச்சியை அந்தரத்தில் தொங்கவிடாது அது பிறக்கும் மண்ணோடும், அம்மண்ணின் மாவோடும் புள்ளோடும் தொழிலோடும் பிணைத்தார். பின்வந்த பண்டிதர்கள் அதனை மனப்பாடச் சூத்திரமாக்கியது வேறு கதை.

இக்கண்கொண்டு நோக்கினால் மெற்றல் இசையின் துறைகள் வேறொரு தோற்றம் காட்டுகின்றன. அவற்றுட் பலவற்றின் பெயர்களிலேயே ஊர்கள் உறைகின்றன. சன் பிரான்சிஸ்கோ வளைகுடாத் திராஷ் என்பர். புளோரிடா டெத் மெற்றல் என்பர்; அதன் ஓசையை உருவாக்கியதில் தம்பா நகரின் மொறிசவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் பெரும் பங்குண்டு. சுவீடனின் ஸ்ரொக்ஹோமில் இளைஞர்கள் ஜப்பானியத் தயாரிப்பான ஒரு பெடலின் குமிழ்களை எல்லாம் முற்றாகத் திருகி வைத்து இசைத்தனர். அதனால் எழுந்த அரத்தின் ஓசையை 1990 இல் வந்த என்ரூம்ட் குழுவின் முதலாவது இசைத்தட்டிற் கேட்கலாம். அதே நாட்டின் கோத்தன்பேர்க்கிலோ அதே சீற்றத்துக்குள் இனிய பண்வரிகளை இழைத்தனர். ஒரே நாடு, ஒரே தலைமுறை. ஆயினும் இரண்டு ஊர்கள், இரண்டு துறைகள். நல்ல அறிவிப்பாளன் ஒருவன் இவற்றை அடுத்தடுத்து ஒலிக்க விட்டு, இடையில் இரண்டு வாக்கியம் பேசினால், கேட்பவன் அறியாமலே ஒப்பியல் விமர்சனத்தின் முதற்பாடத்தைக் கற்றுக்கொள்கிறான். பல்கலைக்கழகத்தில் நான் மூன்றாண்டு கழித்துக் கற்ற பாடம் அது.

ஆனால் பெரும்பாலான அறிவிப்பாளர்கள் ஓசையோடு நின்றுவிடுகின்றனர். இவ்வளவு வேகம், இவ்வளவு தாழ்ந்த சுருதி, குரல் உறுமலா கிறீச்சிடலா என்பதே அவர்களது அளவுகோல். ஏன் அந்த ஊரில், ஏன் அந்த ஆண்டில் என்ற வினா எழுவதில்லை. அவ்வினாவை எழுப்பினால் நாம் முதலிற் போகவேண்டிய ஊர் பேர்மிங்ஹாம்.

இங்கிலாந்தின் ஆலை நகரான அங்கே, 1965 இல், தகட்டு உலோகத் தொழிற்சாலை ஒன்றில் ரொனி அயோமி என்ற பதினேழு வயதுத் தொழிலாளியின் வலக்கையில் இரண்டு விரல்நுனிகளை இயந்திரம் கொண்டு போயிற்று. அன்றே அவன் அத்தொழிலை விட்டு நீங்கவிருந்த நாள். இடக்கையால் மீட்டுபவனாதலின், தந்திகளை அழுத்த அவனுக்கு வேண்டியிருந்தவை அவ்விரல்களே. வருந்திக் கிடந்தவனுக்கு மேலாளர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டு வந்து கொடுத்தார். தீயில் வெந்து இரண்டு விரல்கள் பயனற்றுப் போன பின்னரும் கிற்றார் மீட்டிப் புகழ்பெற்றவர் ரைன்ஹார்ட். அயோமி, பாத்திரம் கழுவும் திரவப் போத்தலை உருக்கித் தன் விரல்களுக்கு நுனி செய்துகொண்டான். மெல்லிய தந்திகளைப் பூட்டினான். பின்னர் சுருதியையும் தாழ்த்தினான்; தந்தி தளர்ந்தால் விரலுக்கு நோவு குறையும். 1970 பெப்ரவரி 13 இல் வெளிவந்த பிளாக் சபத் குழுவின் முதலாவது இசைத்தட்டையே இவ்விசையின் தொடக்கமாகப் பலர் கொள்வர். அடுத்த ஆண்டின் மூன்றாவது இசைத்தட்டிலே சுருதி மூன்று அரைத்தானம் கீழிறங்கிவிட்டது. டூம் துறையினர் பிற்காலத்தில் வழிபட்ட அந்தக் கனத்த ஓசை, காயம்பட்ட தொழிலாளி ஒருவனின் கைக்கு இசைவாக்கப்பட்ட ஓசை.

இவ்விடத்தில் எமது அணியினர் சிலருக்கு உற்சாகம் மிகுந்துவிடும். ‘பார்த்தீர்களா, அடித்தளமே மேற்கட்டுமானத்தைத் தீர்மானித்தது’ என்று கைதட்டுவர். பொறுக்குமாறு வேண்டுகிறேன். பேர்மிங்ஹாமின் இயந்திரங்கள் எத்தனையோ தொழிலாளரின் விரல்களைத் தின்றிருக்கும். அவர்கள் எல்லோரும் புதிய இசையைப் படைக்கவில்லை. இயந்திரம் விரலைத்தான் எடுத்தது. போத்தலை உருக்கியது மனிதன். ஆலையும் வறுமையும் கலையைத் தாமே ஈனுவதில்லை. கலைஞன் தன் முன்னுள்ள தடையை எவ்வாறு வடிவமாக்குகிறான் என்பதைக் காட்டாத விமர்சனம், பொருளாதாரப் பாடநூலின் பின்னிணைப்பாகவே முடியும். நமது சிறுகதை விமர்சனத்தில் நாம் நெடுங்காலம் செய்த தவறும் இதுவே.

சன் பிரான்சிஸ்கோவுக்கு மீள்வோம். திராஷ் துறையின் முன்னோடிகளான எக்சோடஸ் குழுவினரின் ஊர் வளைகுடாவின் மறுகரையிலுள்ள றிச்மண்ட். இரண்டாம் உலகப்போரின்போது அங்கிருந்த கைசர் கப்பற்றளங்களில் 747 கப்பல்கள் கட்டப்பட்டன. போர் முடிந்ததும் அத்தளங்கள் மூடப்பட்டன. எஞ்சியது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. நகரின் மலர் சூடிய சமாதானப் பாடல்களை உலகம் அறியும். அக்கரையின் எண்ணெய்ப் புகையிலிருந்து எழுந்த குரலை நள்ளிரவு வானொலியைத் திறந்தவர்களே அறிந்தனர். டேலி சிற்றியில் வாழ்ந்த பிலிப்பினோக் குடியேறிகளின் பிள்ளைகளான, ஒன்றுவிட்ட சகோதரர்கள் தொடங்கிய டெத் ஏஞ்சல் என்ற குழுவும் இத்துறையில் முன்வரிசையில் நின்றது. மெற்றல் என்பது வெள்ளையரின் கூச்சல் மட்டுமே என்பவர்கள் இதனைக் கருதுவது நன்று.

இங்கிலாந்திலோ நிலைமை சற்று வேறு. அங்கே மக்கள் கட்டணத்தால் நடக்கும் பி.பி.சி. வானொலியிலேயே 1978 முதல் 1993 வரை வெள்ளிக்கிழமை இரவுகளில் ரொமி வான்ஸ் இவ்விசைக்கென ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஆயினும் என் மதிப்பில் உயர்ந்து நிற்பவர் ஜோன் பீல். மெற்றலுக்கென்று தனி நிகழ்ச்சி நடத்தியவரல்லர் அவர், எல்லாவற்றையும் ஒலிக்கவிட்டவர். 1987 இல் நேபாம் டெத் குழுவினரை பி.பி.சி. கூடத்துக்கு அழைத்துப் பதிவு செய்வித்து, நாடு முழுவதற்கும் கேட்கச் செய்தார். பன்னாட்டுக் கொம்பனிகளைப் பழித்துத் தம் முதற்றட்டைத் தொடங்கிய குழு அது. இங்கிலாந்தில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையற்றிருந்த 1980 களின் பிள்ளைகள் அவர்கள். அவர்களின் சொற்கள் செவியிற் பிடிபடா என்பது உண்மை. ஆனால் எழுதி வைத்த வரிகளைப் படித்தவர்கள், எமது மேடைப் பேச்சாளர் பலரிலும் பார்க்க அவர்கள் தெளிவாகச் சிந்தித்தனர் என்பதை ஒப்புவர். நாற்பத்தெட்டு வயதான பீல் இதனை மகிழ்ந்து கேட்டார். பார்க்கப்போனால், வயதேறியபின் புதிய ஓசைக்குச் செவிகொடுப்பதே விமர்சகனுக்கு உள்ள கடினமான சோதனை. 2004 இல் அவர் மறைந்தார்.

இனி மறுபக்கத்தையும் கூறவேண்டும். எதிர்ப்பின் ஓசை சந்தையின் ஓசையாவது எவ்வளவு விரைவில் நிகழும் என்பதற்கு மெற்றாலிக்காவே சான்று. 1991 இல் வந்த அவர்களது இசைத்தட்டு ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் அதிகமாக விற்றது. அதனை நான் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆனால் 2000 ஆம் ஆண்டிலே, இணையத்தின் வழியே தம் பாடல்களைப் பகிர்ந்த மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பட்டியலைக் கொண்டுபோய் நாப்ஸ்ரர் நிறுவனத்தின் முன் வைத்து, அவர்களைத் தடைசெய்யுமாறு கேட்டவர் அதே லார்ஸ் உல்ரிச். பிறர் பிரதிசெய்து பரப்பிய நாடாவால் பெயர்பெற்றவர் அவர். கலைஞனுக்கு அவனது உழைப்பின் பலன் கிடைக்கவேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. எனினும் ஏறிய ஏணியை எட்டி உதைத்த காட்சி அது என்றே நான் கருதுகிறேன்.

இதனினும் பாரதூரமானது நோர்வேயின் கதை. 1992 யூன் 6 இல் பேர்கன் அருகேயுள்ள பன்டொவ்ற் மரத்தேவாலயம் தீக்கிரையாயிற்று. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டுகளிலும் வேறு பல தேவாலயங்களும் எரிந்தன. பிளாக் மெற்றல் துறையின் முன்னணியில் நின்ற ஒருவன் மற்றொருவனை 1993 இற் கொன்று, 1994 இல் இருபத்தொரு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். அத்துறையின் ஒரு கிளை பின்னர் வெளிப்படையான இனவெறியைப் பாடலாயிற்று. இங்கேதான் வகைப்படுத்தும் முறையின் குறைபாடு துலங்குகிறது. பனிக்காற்றுப்போல் மெலிந்த பதிவு, விரைந்து நடுங்கும் தந்தி, தொலைவிலிருந்து அலறும் குரல் என்று ஓசை இலக்கணத்தை மட்டும் விவரித்துவிட்டு, இனவெறியையும் இன்னொரு ‘கிளை’ எனப் பட்டியலிற் சேர்த்து அடுத்த பாடலுக்குச் செல்லும் அறிவிப்பாளன் நடுநிலையாளன் அல்லன். அவன் தன் கடமையைத் தட்டிக்கழிப்பவன். வகுத்தபின் மதிப்பிடல் வேண்டும்; மதிப்பிடாத வகுப்பு களஞ்சியக் கணக்கு.

நண்பர் இந்த நோர்வேக் கதையைக் கேட்டால், ‘நான் சொன்னேனே’ என்பார். அத்துறையின் தீமையைக் காட்டி இவ்விசை முழுவதையும் தள்ளுவது, இனவாதக் கவிதை எழுதியவர்களைக் காட்டிக் கவிதையையே தள்ளுவதற்கு ஒப்பாகும் என்பதே அவருக்கு என் விடை. எந்தத் துறை எந்த நிலத்தில் எதற்காக எழுந்தது என்று பிரித்தறிந்தவனே, எதனை எதிர்ப்பது எனவும் அறிவான். எல்லாம் கூச்சல் என்று சொல்பவனுக்குத் தொழிலாளியின் குரலையும் இனவெறியனின் குரலையும் பிரித்துணர வழியில்லை.

றம்பேஜ் றேடியோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடந்தது. 2011 சனவரி 18 ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, கே.யூ.எஸ்.எவ். வானொலியின் ஒலிபரப்பு திடீரென நிறுத்தப்பட்டது. 90.3 என்ற அதன் அலைவரிசை உரிமத்தை 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விற்கப் பல்கலைக்கழகம் உடன்பட்டிருந்தது. ஆண்டுக்கணக்காக உழைத்த தொண்டர்களுக்கு முன்னறிவித்தல் கொடுக்கப்படவில்லை. வாங்கியது மேனாட்டுச் சாஸ்திரிய இசையை ஒலிபரப்பும் பொதுவானொலி அமைப்பு ஒன்று. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. சாஸ்திரிய இசைக்கென நகரில் இருந்த வர்த்தக வானொலியைப் பெரு நிறுவனமொன்று தன் வசமாக்கி, அதன் வலுமிக்க அலைவரிசையில் விளம்பர வருவாய் தரும் பழைய ரொக் பாடல்களை ஒலிக்கவிட்டது. இடமிழந்த சாஸ்திரிய இசை, மாணவரும் தொண்டரும் இருந்த இடத்துக்கு வந்தது. பீத்தோவன் வந்து இளைஞரை விரட்டினார் என்று இதனை எழுதியவர்கள் உண்மையைத் தலைகீழாக்கினர். சாஸ்திரிய இசையும் இங்கே குடியெழுப்பப்பட்ட தரப்பே. இரு ஏழைகள் ஒரே குடிசைக்காக வழக்காட, நிலத்தை விற்றவனும் வாங்கியவனும் அப்பால் நின்றனர்.

தொண்டர்கள் வாளாவிருக்கவில்லை. ஊர்வலம் சென்றனர், விற்பனையை அனுமதிக்க வேண்டாமென அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழுவுக்கு மனுச் செய்தனர். ஓராண்டுக்கு மேல் மனுவை வைத்திருந்த ஆணைக்குழு 2012 யூனில் விற்பனையை அனுமதித்தது. காற்றலைகள் பொதுமக்களின் சொத்து என்பது அமெரிக்கச் சட்டத்தின் அடிப்படை. உரிமம் பெற்றவன் அதன் காவலன் மட்டுமே. அக்காவலன் அதனை விற்றுக் காசாக்கலாம் என்பதும் அதே சட்டத்தின் நடைமுறை.

நண்பரிடம் இப்பகுதியை வாசித்துக் காட்டியபோது அவர் நீண்டநேரம் பேசாதிருந்தார். “இசை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை” என்றார் பின்னர். “ஆனால் அந்த வானொலியை மூடியிருக்கக் கூடாது.” பிடிக்க வேண்டும் என்று நான் வாதிடவும் இல்லை. எனக்கும் டெத் மெற்றலின் பெரும்பகுதி அலுப்பையே தருகிறது. டூம் துறையின் சில பதிவுகளே திரும்பக் கேட்கத் தூண்டுகின்றன. பரீட்சைத் தாள் திருத்தும் இரவுகளுக்கு அவை பொருந்துகின்றன என்று சொன்னால் மாணவன் சிரிக்கிறான்.

ஒலிபரப்பை இழந்த தொண்டர்கள் ‘நாடுகடந்த கே.யூ.எஸ்.எவ்.’ என்ற பெயரில் இணையத்தின் வழியே ஒலிபரப்பைத் தொடர்ந்தனர். பின்னர் குறைந்த வலுவுள்ள சமுதாய வானொலிகளுக்கென ஒதுக்கப்பட்ட உரிமங்களுள் ஒன்றைப் பெற்று 102.5 இல் காற்றலைக்குத் திரும்பினர். அவ்வகை உரிமத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வலு நூறு உவாற்று. மேடும் பள்ளமுமான அந்நகரில் ஒரு குன்றின் மறுபக்கம் சென்றால் ஒலி தேய்ந்துவிடும். 1982 இல் அக்கரையின் இளைஞன் செய்ததுபோல, இன்றும் கேட்க விரும்புபவன் வானொலிப் பெட்டியைச் சன்னலோரம் நகர்த்தி வைக்கவேண்டியிருக்கும்.